அறுத்துப் போட்ட ஒயர்

அந்த வருஷம் ஜனவரி பாதி முடிவதற்குள் டோல்னியில் இரண்டு கார்கள் எரிந்துவிட்டன. முந்நூற்று நாற்பது பேர் வசிக்கிற ஊருக்கு இது அதிகம். இரண்டையும் அணைக்கப் போனது நாங்கள்தான். நாங்கள் என்றால் பள்ளி பஸ் ஓட்டுகிற நான், தபால் நிலையத்தில் இருக்கிற நெஸ்டர், இன்னும் ஏழு பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. எனக்கு மட்டும் தீயணைப்புப் படைத் தலைவி என்று ஒரு பட்டம் உண்டு. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒருவரைக்கூட ஒயர் மாற்ற வைக்க முடியாது என்பதை மூன்று குளிர்காலமாகப் பார்த்துவிட்டேன்.

மைனஸ் முப்பதுக்குக் கீழே இறங்கினால் என்ஜினுக்குள் எண்ணெய் இறுகிப் போகும். சாவியைத் திருப்பினால் வண்டி முனகிவிட்டு அடங்கிவிடும். அதனால் எங்கள் பக்கத்து வண்டிகள் எல்லாவற்றிலும் என்ஜினுக்குள் ஒரு ஹீட்டர் இருக்கும். முன்பக்கத்திலிருந்து அதன் பிளக் தொங்கும். வீட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து அதில் செருகிவிட்டுத்தான் படுக்கப் போவோம். ஹீட்டரில் குற்றமில்லை. குற்றமெல்லாம் அந்த ஒயரில்தான். முதல் கார் எரிந்தது கிறிஸ்துமஸ் விளக்குக்குப் போடுகிற பச்சை ஒயரால். இரண்டாவது கார் எரிந்தது முயல் கடித்த ஒயரால். கடித்தது தெரிந்தே அதன்மேல் டேப் சுற்றி மறுபடியும் செருகியிருந்தார்கள்.

இரண்டாவது கார் எரிந்த பிறகு ஊர் ஹாலில் ஒரு கூட்டம் போட்டேன். நான்கு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் ஹாக்கி ஆட்டம் என்று நினைத்து வந்தவர்கள். சரி, ஊர் வராவிட்டால் நானே போகிறேன் என்று ஊராட்சியில் சண்டை போட்டு இருபது தடித்த ஒயர்கள் வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். பழையதைக் கொடுங்கள், புதியதைச் சும்மாவே வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கும் பேரம் பேசினார்கள். "ரெண்டையும் வச்சுக்கறேனே, வெர்னா. பழசு அவசரத்துக்கு ஆகும்ல?" என்றாள் ஒருத்தி. பிடுங்கி வந்த பழைய ஒயர்களைத் தீயணைப்புக் கூடத்தில் ஒரு பீப்பாயில் போட்டு வைத்தேன். மறுநாள் பார்த்தால் பீப்பாயில் ஆறு குறைகிறது! கூடத்தைப் பூட்டுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அன்றிலிருந்து பிடுங்கினதும் பிளக்கை வெட்டிவிடுவது என்று இடுப்பில் ஒரு கட்டிங் பிளேயர் செருகிக்கொண்டேன்.

கடைசியாகப் போனது என் அண்ணன் வீட்டுக்கு. வேண்டுமென்றேதான் கடைசியாக வைத்திருந்தேன்.

மெர்வின் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். நாற்பது வருஷம் அறுவடை இயந்திரங்களைப் பிரித்து மாட்டியவன். அதனால் உலகத்தில் எந்த இயந்திரத்தைப் பற்றியும் யாரும் அவனுக்கு எதுவும் சொல்லக்கூடாது. தங்கை சொல்லவே கூடாது. அவனுடைய டீசல் பிக்கப் கராஜுக்கு வெளியே, வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும். கராஜுக்குள் வண்டியைத் தவிர எல்லாம் இருக்கும். நான் போனபோது மத்தியானம் ஒரு மணி. பிக்கப்பின் முன்பக்கத்தில் மூன்று ஒயர் செருகும் வாய் உள்ள ஒரு பிளக் தொங்கியது. என்ஜின் ஹீட்டர், பேட்டரியைச் சுற்றியிருக்கிற சூட்டு உறை, வண்டிக்குள் வைத்திருந்த விசிறி ஹீட்டர் மூன்றும் அதில் செருகியிருந்தன. அந்த மூன்றையும் தாங்கிக்கொண்டு ஒரே ஓர் ஆரஞ்சு நிற ஒயர் பனிமேல் ஓடி, கராஜ் கதவுக்கு அடியில் நசுங்கி உள்ளே போனது.

சத்தம் கேட்டு மெர்வின் கையில் காபியோடு வெளியே வந்தான்.

"இது என்ன?" என்றேன்.

"ஒயரு."

"இது ஒயரா? இதுல ஒயரைவிட டேப்புதான் அதிகமா இருக்கு."

"டேப்பு சுத்துன எடந்தான் கெட்டி. மத்த எடந்தான் கொஞ்சம் வீக்கு."

"தொட்டுப் பாரு, மெர்வின். மைனஸ் முப்பத்தாறுல ஒயரு கைக்குச் சூடா இருக்கு."

"ஹீட்டர் ஒயரு சூடா இல்லாம? ஃப்ரிட்ஜ் ஒயரா அது?"

சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். நான் சிரிக்கவில்லை.

"பட்டப்பகல்ல எதுக்குச் செருகி வச்சிருக்க? எங்கயும் போற மாதிரி தெரியலையே. ஒரு டைமர் போடு. நாலு மணிக்குத் தானா ஆன் ஆகும், ஏழு மணிக்கு வண்டி ரெடி. மூணு மணி நேரம் போதும்னு நீயே பத்து பேருக்குச் சொல்லியிருக்க."

"ஆன் ஆகலன்னா?"

"ஆகும்."

"ஆகலன்னா?"

"ஏன் ஆகாது? அதுக்குத்தானே அது இருக்கு!"

"உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ, வெர்னா. என் வண்டி, என் கரண்டு."

"உன் வீடு எரிஞ்சா என் வேலைதான் அது. உன் பொண்டாட்டி ஐலீன் எங்க படுத்திருக்கா? இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கந்தானே?"

அவன் காபியை உறிஞ்சினான். அந்த உறிஞ்சல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. சின்ன வயதிலிருந்து அவன் வாதத்தில் தோற்கும்போதெல்லாம் எதையாவது உறிஞ்சுவான். நான் நேராகக் கராஜுக்குள் போய்ச் சுவரிலிருந்து பிளக்கை உருவினேன். வெளியே வந்து, அவன் கண் எதிரிலேயே, கட்டிங் பிளேயரை எடுத்து அந்த ஆரஞ்சு ஒயரை இரண்டாக வெட்டினேன். போதாதென்று நடுவில் இன்னொரு வெட்டு. பிறகு கராஜ் ஆணியில் தொங்கிய மற்ற ஒயர்களையும் அள்ளினேன். பதினொன்று இருந்தன. ஒன்றுகூட உருப்படியில்லை.

மெர்வின் எங்கள் அப்பா கோபத்தில் பேசும் உக்ரேனிய மொழியில் ஏதோ சொன்னான். நல்ல வார்த்தை இல்லை.

"சாயங்காலம் ஆறு மணிக்குப் புது ஒயரு கொண்டாறேன்," என்றேன். இருபதும் தீர்ந்துபோயிருந்தது. இன்னும் ஐந்து அன்று மாலை தபால் வண்டியில் வரவேண்டியிருந்தது. "அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது. அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு."

புது ஒயர்கள் சொன்னபடி நாலு மணிக்கு வந்தன. நெஸ்டர் எடுத்து என் வண்டியின் பின் இருக்கையில் வைத்தான். ஐந்து மணிக்கு நெடுஞ்சாலையில் ஒரு தானிய லாரி சறுக்கிக் குறுக்கே கவிழ்ந்துவிட்டது என்று அழைப்பு வந்தது. டிரைவரை வெளியே எடுத்து, சிந்திய டீசலுக்கு மண் போட்டு, இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவைத்து, இழுவை வண்டி வரும்வரை நான்கு மணி நேரம் அந்தக் காற்றில் நின்றோம். வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்ற நாற்காலியில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. ஒன்றைக் கழற்றினேன். மற்றது காலோடுதான் இருந்தது காலையில்.

விழித்தது தொலைபேசிச் சத்தத்தில். ஆறே முக்கால். ரேடியோவில் மைனஸ் நாற்பத்து மூன்று என்றும் அன்று பள்ளி பஸ் ஓடாது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வெர்னா, எழுந்துட்டியா?" ஐலீன். என் அண்ணி எதையும் நேராகக் கேட்கிறவள் இல்லை. "பஸ்ஸு இன்னைக்கு இல்லையாமே."

"ஆமா, இல்ல."

"அப்ப நீ சும்மாதான் இருப்பே."

"என்ன ஐலீன்?"

"ஒண்ணுமில்ல. மெர்வின் அஞ்சு மணிலேர்ந்து வண்டியை ஸ்டார்ட் பண்றான். ஆகல. ஒம்பதுக்கு எனக்கு டயாலிசிஸ். அதான், நீ சும்மாதான் இருக்கியான்னு…"

புதன்கிழமை. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று தடவை, நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி சாஸ்கட்டூனில் அவளுக்கு டயாலிசிஸ். அது ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாதா? ஒயரை வெட்டியபோது அது என் நினைவில் எந்த மூலையில் கிடந்தது என்று தெரியவில்லை. ஒற்றைப் பூட்ஸோடு நடுக் கூடத்தில் நின்றேன். என்மேல் எனக்கு வந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது?

என் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. அதுவும் ஒரு மாதிரி வெட்கமாக இருந்தது.

அவர்கள் வாசலில் மெர்வின் பிக்கப்பின் பக்கத்தில் நின்றிருந்தான். புருவத்தில் பனி கட்டியிருந்தது. ஐலீனை முன் இருக்கையில் உட்காரவைத்துப் போர்வையைச் சுற்றிவிட்டுப் பின்னால் ஏறினான். ஏறும்போது பின் இருக்கையில் கிடந்த புது ஒயர்களைப் பார்த்தான். ஐந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

ஊர் எல்லையைத் தாண்டினோம்.

"கத்துறதுன்னா கத்திடு, மெர்வின்," என்றேன்.

"எதுக்குக் கத்தணும்?"

"நேத்து நெடுஞ்சாலையில லாரி கவுந்துடுச்சு. நாலு மணி நேரம் அங்கதான் நின்னேன். வீட்டுக்கு வந்தது எனக்கே தெரியல."

"தெரியும். நெஸ்டர் சொன்னான்."

"தெரிஞ்சா ஒரு போன் பண்ணியிருக்கலாமே! 'ஏய், ஒயரு எங்க'ன்னு ஒரு வார்த்தை. இல்ல, பக்கத்து வீட்டு கிளெட்டஸ்கிட்ட ஒண்ணு வாங்கிச் செருகியிருக்கலாமே!"

"நீ கொண்டாறேன்னு சொன்ன."

"சொன்னேன்தான்—"

"நீ ஒண்ணு சொன்னா செய்வே. அதனால பத்து மணி வரைக்கும் ஜன்னல்ல உக்காந்திருந்தேன். அப்புறம் படுத்துட்டேன்."

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே போயிருக்கலாம்.

கொஞ்ச தூரம் போனதும் ஐலீன் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வெர்னா, அவன் ஏன் பகலெல்லாம் செருகி வைக்கறான்னு உனக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றான் மெர்வின் பின்னாலிருந்து.

"நீ சும்மா இரு. போன வருஷம் பிப்ரவரில ஒரு வாரம் காத்தடிச்சுதே, ஞாபகம் இருக்கா? திங்கக்கிழமை வண்டி கிளம்பல. புதன் ரோடு மூடிட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள என் காலு ரெண்டும் தூண் மாதிரி ஆயிடுச்சு. மூச்சு விட முடியல. ஆம்புலன்ஸ்ல போனேன்."

"அது தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தேனே."

"வண்டி கிளம்பாததுனாலதான்னு உனக்குச் சொல்லல. சொல்லாதேன்னுட்டான். திங்கக்கிழமைக்கு முந்தின ராத்திரி அவன் டைமர்தான் போட்டிருந்தான். அது ஆன் ஆகல. அன்னைலேர்ந்து வண்டி வீட்ல நிக்கறப்பல்லாம் அந்தப் பிளக்கை அவன் உருவறதே இல்ல. ராத்திரில எழுந்து எழுந்து போய்த் தொட்டுப் பாப்பான். நேத்து நீ வெட்டுறவரைக்கும் அது ஒரு வருஷமா செருகியேதான் இருந்துது."

நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மெர்வின் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். வெளியே பார்க்க எதுவும் இல்லை. கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றேன். "மூணு வருஷமா உன்கூட மாரடிக்கறேன். ஒரு தடவை சொல்லியிருந்தா—"

"சொல்லியிருந்தா என்ன? டேப்பு நல்லதுன்னு சொல்லியிருப்பியா?"

"இல்ல. ஆனா வெட்டியிருக்க மாட்டேன்."

"வெட்டியிருப்பே," என்றான்.

ஐலீன் போர்வைக்குள் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து ஊசி ஏற்றியதும் நானும் மெர்வினும் கீழே உணவுக்கூடத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பட்டாணி சூப் வாங்கிக்கொண்டோம். ஒரு துடைப்புத் தாளில் அவன் வீட்டு வாசலை வரைந்து காட்டினேன்: கராஜ் சுவருக்கு வெளியே ஒரு தனி பிளக் பெட்டி, அதற்கென்று ஒரு தனி லைன், கரண்ட் பூமியில் கசிந்தால் தானே அணைந்துவிடுகிற சுவிட்ச், மூன்று ஹீட்டரில் விசிறி ஹீட்டருக்கு மட்டும் வேறு லைன். அவன் பேனாவை வாங்கி நான் வரைந்ததில் இரண்டு தப்பைத் திருத்தினான். திருத்தியபோது மனம் கொஞ்சம் லேசானது. மெர்வின் தப்புக் கண்டுபிடிக்கிறான் என்றால் ஒத்துக்கொண்டுவிட்டான் என்று அர்த்தம்.

"டைமர் மட்டும் கெடயாது," என்றான்.

"சரி, டைமர் கெடயாது."

மூன்றரை மணிக்கு ஊருக்குத் திரும்பினோம். ஐலீன் வழியெல்லாம் தூங்கினாள். தெருமுனை திரும்பும்போதே எனக்கு வாடை வந்துவிட்டது. ரப்பர் எரிகிற வாடையை எத்தனை கண்ணாடி மூடியிருந்தாலும் என் மூக்கு விடாது. மெர்வினின் பிக்கப்புக்கு மேலே ஒரு கம்பளி போர்த்தியிருந்தது. அந்தக் கம்பளியின் ஓரத்திலிருந்து புகை, அதற்கு அடியில் மஞ்சள் நிறம்.

வண்டியைத் தெருவிலேயே நிறுத்தினேன். "ஐலீன், எறங்காத! மெர்வின், பிக்கப் கிட்ட போகாத!"

அவன் அதற்குள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தான்.

பிக்கப்பின் முன்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய பழுப்பு ஒயர் படிக்கட்டு ஏறி, மூடிய வாசல் கதவின் இடுக்கில் நுழைந்து வீட்டுக்குள் போனது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, அடித்தளத்தில் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். திரும்பி வரும்போதே நெஸ்டருக்கு போன் போட்டேன். என் வண்டிக்குள் வைத்திருந்த தீயணைப்புச் சிலிண்டரை எடுத்து அடித்தேன். ஒரு நிமிஷம் அடங்கிற்று. பிறகு என்ஜினுக்கு அடியிலிருந்து மறுபடியும் எழுந்தது. டீசல் பிடித்துக்கொண்டது. கராஜ் கதவின் பெயின்ட் கொப்பளித்தது. சுவரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பலகைகள் உருகித் தொங்க ஆரம்பித்தன. அந்தச் சுவருக்கு அடுத்தது ஐலீனின் அறை.

"பனியை வாரிப் போடு! வண்டியை விடு, சுவத்துல போடு!" என்று கத்தினேன்.

மெர்வின் மண்வாரியை எடுத்தான். என்னை எதிர்த்துப் பேசாமல் அவன் ஒரு வேலை செய்தது அன்றுதான். பக்கத்து வீட்டிலிருந்து கிளெட்டஸ் வந்தார். எழுபத்து நான்கு வயது, மேல்கோட்டுக்கூடப் போடவில்லை. முதலில் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் படியிறங்கினார், நல்ல செய்தி சொல்ல வருகிறவர் மாதிரி. பாதிப் படியில் நின்றுவிட்டார். பிறகு அவரும் ஒரு மண்வாரியோடு ஓடி வந்தார். மூன்று பேரும் வாரி வாரிச் சுவரில் அடித்தோம். அடித்த பனி அப்படியே உருகி வழிந்து, கீழே இறங்குவதற்குள் உறைந்தது.

ஒன்பதாவது நிமிஷம் நெஸ்டர் தீயணைப்பு லாரியோடு வந்தான். ஐந்து மணிக்குள் எல்லாம் அணைந்துவிட்டது. பிக்கப் போயிற்று. கராஜ் கதவும் அந்தப் பக்கச் சுவரின் வெளித்தோலும் போயின. ஐலீனின் அறையில் ஒரு ஜன்னல் கண்ணாடி வெடித்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐலீனைக் கிளெட்டஸ் வீட்டில் படுக்கவைத்தோம்.

எரிந்ததைக் கிளறிப் பார்த்தபோது பழுப்பு ஒயரின் ஒரு துண்டு கிடைத்தது. அதன் நுனி பிளக்கில் மூன்றாவது கால் நுழையவேண்டிய துளையே இல்லை.

"கிளெட்டஸ், இது எந்த ஒயரு?"

அவர் கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றார். "ஹால்ல லேம்ப்புக்குப் போட்டிருந்தது. காலைல மெர்வின் வண்டி கிளம்பலன்னு ஜன்னல்ல பாத்தேன். நீங்க எல்லாம் போயிட்டீங்க. வெள்ளிக்கிழமை திரும்பப் போகணுமே அந்தப் பொண்ணு. அதான் இப்பவே சூடு பண்ணி வைப்போம்னு… வீடு தெறந்துதானே இருந்துது."

"அந்த பிளக்குக்கு மூணு காலு. உங்க ஒயருக்கு ரெண்டு துளை. எப்படி நொழைஞ்சுது?"

"நொழையல. அதனால மூணாவதை ஒடிச்சேன்."

"ஒடிச்சீங்களா?"

"கொறடால."

"மிச்ச ஒயரை?"

"நீளமா இருந்துது. சுருட்டி என்ஜின் மேல வச்சேன். மேல கம்பளியப் போத்திவிட்டேன், பனி படாம. இருபது வருஷமா அந்த லேம்ப்பு அதுலதான் எரியுது, வெர்னா. ஒண்ணும் ஆனதில்ல."

"லேம்ப்பு அறுபது வாட்டு, கிளெட்டஸ்! நீங்க செருகினது ரெண்டாயிரம் வாட்டு! சுருட்டி வேற வச்சீங்க! கம்பளி வேற போத்தினீங்க!"

எனக்கு இன்னும் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் யாரைப் பார்த்து? இந்த மனுஷன் உதவி செய்யப் போய் வண்டியை எரித்தார். நான் உதவி செய்யப் போய் வண்டியை நிறுத்தினேன். நேற்று நான் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் அந்த டேப் ஒயர் இன்னும் ஒரு வாரமோ ஒரு வருஷமோ எரியாமல் இருந்திருக்கலாம். அல்லது அன்றிரவே எரிந்து, ஐலீன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?

மெர்வின் வந்து கிளெட்டஸின் தோளில் தன் மேல்கோட்டைப் போட்டான். "உள்ள போங்க. செத்துத் தொலைச்சீங்கன்னா அதுக்கும் இவ ஒரு கூட்டம் போடுவா," என்றான்.

வெள்ளிக்கிழமை ஐலீனைக் கிளெட்டஸ்தான் சாஸ்கட்டூனுக்கு ஓட்டிப் போனார். அவராகக் கேட்டு, மன்றாடி, அந்த வேலையை வாங்கிக்கொண்டார். முந்தின மாலை நானே போய் ஐந்து புது ஒயர்களில் ஒன்றை அவர் காரில் செருகிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை தீயணைப்புக் கூடத்தில் உட்கார்ந்து மாகாணத்துக்கு அனுப்பவேண்டிய அறிக்கையை எழுதினேன். அந்தப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் உண்டு. 'காரணம்' என்ற கட்டத்துக்கு மட்டும் இரண்டே வரி. வீட்டுக்குள் பயன்படுத்தும் மெல்லிய ஒயர், அளவுக்கு மீறிய சுமை, சுருட்டிக் கம்பளியால் மூடியது என்று எழுதினேன். இடம் தீர்ந்துவிட்டது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்: முந்தைய நாள் தீயணைப்புப் படைத் தலைவி உரிமையாளரின் ஒயரை வெட்டி அகற்றினார், மாற்று ஒயர் தருவதாகச் சொல்லிய நேரத்தில் தரவில்லை.

எழுதி முடிக்கும்போது மெர்வின் வந்து என் தோளுக்கு மேலே படித்தான். கையில் காபி இல்லை.

"அந்தப் பின்பக்கத்தை எடு," என்றான்.

"எடுக்க மாட்டேன்."

"இன்ஷூரன்ஸ்காரன் படிப்பான்."

"படிக்கட்டும்."

"உன்னை இந்த வேலைல வச்சிருக்க மாட்டாங்க, முட்டாளே."

"நல்லதாப் போச்சு. நீ வந்து உக்காரு. வாரத்துக்கு ஒருத்தன் வீட்டு வாசல்ல போய்த் திட்டு வாங்கு."

அவன் எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கைகளை மேசைமேல் வைத்தான். புகைக்கரி இன்னும் நகக்கண்ணில் இருந்தது.

"என் ஒயரு எப்படி இருந்துதுன்னு எழுதினியா?"

"அது எரியலையே. எதுக்கு எழுதணும்?"

"எழுது. மோசமா இருந்துதுன்னு எழுது. கதவுக்கடியில நசுங்கியிருந்துது, உள்ள கம்பி தெரிஞ்சுது, சூடா இருந்துதுன்னு எழுது. அப்பத்தான் நீ வெட்டுனதுக்கு ஒரு நியாயம் இருக்கும். சும்மா வெட்டுனா பைத்தியம் மாதிரி இருக்கு."

"கம்பி தெரிஞ்சுதா? அதை நான் பாக்கலையே!"

"டேப்புக்கு உள்ள," என்றான்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தேன். ஒரு வருஷமாகக் கம்பி தெரிகிற ஒயரைத் தெரிந்தே அந்தச் சுவருக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறான். ஒரு வருஷமாக அதைத் தொட்டுப் பார்ப்பதற்காக ராத்திரியில் எழுந்திருக்கிறான். எழுந்தது வண்டி சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் இல்லை.

"பயந்துக்கிட்டேதான் இருந்தியா?"

"ரெண்டு பக்கமும்," என்றான். "எழுதுடி."

எழுதினேன். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். பாதிக்கு மேல் எழுத்துப்பிழை என்று சண்டை போட்டான்.

மெர்வின் பயந்தபடி என் வேலை போகவில்லை. என்னை எடுத்தால் யார் செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மெர்வினுக்கு ஒரு பழைய பிக்கப் கிடைத்தது. மின்சாரக்காரர் வந்து சுவரில் தனி பிளக் பெட்டி வைத்தார். மெர்வின் இப்போது திங்கள், புதன், வெள்ளி நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து தன் கையாலேயே செருகுகிறான். தன் தூக்கம் கெடுகிறது என்று ஐலீன் என்னிடம் முறையிடுகிறாள், நான்தான் அவனை எழுப்புகிற மாதிரி.

ஆனால் எனக்கு உண்மையில் எரிச்சல் வருவது கிளெட்டஸை நினைத்துத்தான். பிப்ரவரி முழுக்க அந்த மனுஷன் வீடு வீடாகப் போனார். "நான்தான் மெர்வின் வண்டியை எரிச்சவன். உங்க ஒயரைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று வாசலில் நின்று கேட்டார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காபியும் கசகசா கேக்கும் கொடுத்து, ஒயரைக் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் கதவைப் பாதி திறந்து பேசினவர்கள்! மார்ச் மாதத்தில் ஊரில் பழைய ஒயர் என்று தேடினாலும் கிடைக்கவில்லை. பீப்பாய் நிரம்பி வழிந்தது; யாரும் அதிலிருந்து ஒன்றையும் திருடவில்லை.

போன வாரம் கிளெட்டஸ் என் வீட்டுக்கும் வந்தார். என் ஒயரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளக் பக்கத்தில் உறையில் ஒரு வெடிப்பு இருக்கிறது என்று விரலால் தடவிக் காட்டினார். நிஜமாகவே இருந்தது.

"மாத்திடு, வெர்னா," என்றார் மெதுவாக.

நான் கட்டிங் பிளேயரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.